பத்துத் தடவை எழுப்பிப் பார்த்தவர்

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். தெருவுக்கு அது தேவைப்படவில்லை. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'பத்துத்தடவை'. அவருக்கும் இது தெரியும். ஒரு நாள் போனை எடுத்தவர், "ஆமா, பத்துத்தடவைதான் பேசறேன், சொல்லுங்க" என்றார். எதிர்முனையில் இருந்த கணக்கு வாத்தியார் வெட்கத்தில் போனை வைத்துவிட்டு, நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

பெயர் வந்த கதை பெரியதல்ல. எந்த மெஷினைச் சரிசெய்தாலும் அவர் உடனே திருப்பித் தர மாட்டார். அணைப்பார். ஆற விடுவார். போடுவார். மறுபடி அணைப்பார். இப்படிப் பத்துத் தடவை. பத்திலும் பிசகாமல் எழுந்தால்தான் அது வீட்டுக்குப் போகும். ஒன்பதாவதில் இருமினால்கூட மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். கணக்கு வாத்தியார் தன் லேப்டாப்பை வாங்க வந்தபோது அது ஐந்தாவதில் இருந்தது. "இதோ ஆச்சு, உட்காருங்க" என்றார் இவர். வாத்தியார் உட்கார்ந்து ஒரு வகுப்பின் விடைத்தாள் மொத்தத்தையும் திருத்தி முடித்து எழுந்தபோது அவர் முகத்தில் மூன்று விரற்கடைத் தாடி வளர்ந்திருந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்தது ஒரு விரற்கடைதான்.

மருந்துக்கடைக்காரர் ஒருமுறை பொறுமை இழந்து கேட்டார்: "சார், நான் இதுல பில் போடறவன். ராக்கெட் விடறவன் இல்லை."

"ராக்கெட் விடறவன் ஒரு தடவை விட்டா வேலை முடிஞ்சுது. நீங்க தினமும் காலையில விடணுமே" என்றார் பத்துத்தடவை. மருந்துக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் கை பட்டுத் திரும்பிய மெஷின் அதே நோயோடு மறுபடி அந்த வாசற்படி ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. ஒரு பிரிண்டர் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதுமே பயந்துபோய்த் தானாகச் சரியானதை நான் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் அந்தப் பிரிண்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மேஜை, ஒரு ட்யூப் லைட், சுவரெல்லாம் கேபிள். ஸ்க்ரூக்களை அளவுவாரியாகக் காலி மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்திருப்பார். 'காலை', 'மதியம்', 'இரவு' என்று அந்த டப்பாக்களில் எழுதியிருந்ததால், புதிதாக வருகிறவர்கள் இவர் ஸ்க்ரூவைத்தான் விழுங்குகிறாரோ என்று ஒரு கணம் திகைப்பார்கள். ஒரு நீளமான நோட்டு இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் அதில் ஒரு பக்கம். வந்த தேதி, என்ன கோளாறு, எத்தனை தடவை போட்டுப் பார்த்தது, எத்தனை தடவை எழுந்தது என்று குச்சி குச்சியாகக் கோடு கிழித்து வைப்பார்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். யாருடைய கம்ப்யூட்டருக்குள்ளும் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க மாட்டார். தையல்காரம்மா ஒரு தடவை, "என் பேத்தி போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கா, பாருங்க சார்" என்று கேட்டதற்கு, மௌஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றார். பேத்தி போட்டோதானே, அதில் என்ன ரகசியம்? ஆனால் அவர் அப்படித்தான்.

அவர் மனைவி துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் முழுக்கப் பேசிப் பேசித் துணி விற்றுவிட்டு வந்து, மிச்சப் பேச்சைப் பக்கத்து வீட்டிலிருக்கும் என்னோடு பால்கனியில் பேசித் தீர்ப்பாள். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்க கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடறப்போ, பேனா எழுதுதான்னு பத்துத் தடவை கிறுக்கிப் பார்த்த மனுஷன். அந்த ஆபீசர் என்னைப் பார்த்து, 'இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போகலம்மா'ன்னாரு" என்பாள். அவர் முன்னறையிலிருந்து, "எட்டுத் தடவைதான்" என்று திருத்துவார்.

இவர்களோடு பின்னறையில் அவருடைய அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பது வருஷம் இருந்தவள். குரல் அப்படி ஒரு குரல். அவள் "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொன்னால் ஆயுசு பூராவும் லைனில் இருக்கலாம் என்று தோன்றும். அந்தக் குரலுக்காகவே தவறான நம்பர் கேட்டவர்கள் உண்டு.

வேலையில் இருந்த காலத்திலேயே அவளுக்குக் கண்ணில் தொந்தரவு தொடங்கியது. முதலில் அந்தி சாய்ந்தால் படிக்கட்டு தெரியவில்லை. பிறகு பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியவில்லை. கண் டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: "ஓரத்திலேருந்து இருட்டு உள்ளே வந்துக்கிட்டே இருக்கும். நடுவுல கொஞ்சம் கடைசி வரைக்கும் தெரியும். அப்புறம் அதுவும் போகும்."

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. தம்பியிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் இருந்த படம் வரைகிற மென்பொருளைத் திறந்து, மௌஸைப் பிடித்து வரைய ஆரம்பித்தாள். அதற்குமுன் கோலம்கூடப் போட்டதில்லை. காகிதத்தில் வரையலாமே என்று கேட்டதற்கு, "பேப்பர்ல கோடு தெரியலை. இதுல பின்னாலேருந்து வெளிச்சம் அடிக்குது, பெரிசு பண்ணியும் பார்த்துக்கலாம்" என்றாள். வீட்டிலிருக்கிற ஒவ்வொரு பொருளையும் ஒரு தடவை வரைந்துவிடுவது என்பது அவள் திட்டம். கண் இருக்கும்போதே எல்லாவற்றிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி.

ஒன்பது வருஷம் வரைந்தாள். யாருக்கும் காட்டவில்லை. "எல்லாம் கோணல் மாணல். முடிச்சுட்டுக் காட்டறேன்" என்பாள். என்ன வரைகிறாள் என்பதை மட்டும் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். ஆரம்பத்தில் ஓர் அறை முழுவதையும் வரைவாளாம். போகப்போக மேஜை மட்டும். பிறகு மேஜைமேல் இருக்கிற டம்ளர் மட்டும். பார்வை எவ்வளவு தூரம் சுருங்கியதோ அவ்வளவுக்குப் படமும் சுருங்கியது. கடைசியில் ஒரு கோப்பையின் பிடியை மட்டும் வரைவதற்கு இரண்டு வாரம் ஆனது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் திரையில் அம்புக்குறியே தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, துணி போட்டு மூடி வைத்தாள்.

இதெல்லாம் முன்கதை. இந்த வருஷம் ஒரு காலையில், டீ ஆறிக்கொண்டிருக்க, அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"குளியலறை வாளி என்ன நிறம்டா?"

"நீலம்க்கா."

"எந்த நீலம்?"

நீலம் நீலம்தானே என்றார்.

"அதான் பிரச்சினை. எனக்கும் இப்ப நீலம்னு வார்த்தைதான் இருக்கு, நீலம் இல்லை. நினைப்புல எல்லாம் சாம்பலாயிட்டு வருது. துணியை நிறையத் தடவை துவைச்சா ஆகுமே, அந்த மாதிரி." ஆபரேட்டர் குரலில் தெளிவாகச் சொன்னாள்: "நான் வரைஞ்சதை ஒண்ணொண்ணா திற. என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு. கேட்கக் கேட்க நான் திரும்பப் பிடிச்சுக்கறேன். ஆனா நான் பக்கத்துல இல்லாம திறக்காதே."

அவர் மனைவி, அந்தத் துணிக்கடைக்காரி, உள்ளேயிருந்து, "அண்ணி, வாளி இங்கதானே இருக்கு, நானே பார்த்துச் சொல்றேனே" என்றாள்.

"உன் கண்ணுல பார்த்த வாளி எனக்கு எதுக்கும்மா? நான் பார்த்த வாளி வேணும்."

அன்றைக்கே அவர் துணியை எடுத்து, தூசி தட்டி, சுவிட்சைப் போட்டார். மெஷின் கண் விழித்தது. கண் விழித்ததும் கம்ப்யூட்டர் முதலில் தன் கை கால்களை எண்ணிப் பார்க்கும். கீபோர்டு இருக்கிறதா, மௌஸ் இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று திரையில் வந்தது. படங்கள் அத்தனையும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அணைத்துப் போட்டார். வந்துவிட்டது. டிஸ்க் இருக்கிறது என்றது திரை. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் 'அப்பாடா' என்றார்கள். அவர் சொல்லவில்லை. இருக்கும்போது இருந்து இல்லாதபோது இல்லாமல் போகிற ஒன்றை 'இருக்கிறது' என்று அவர் எப்போதும் ஒத்துக்கொண்டதில்லை. மெஷினை அணைத்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

அலமாரியில் உறை பிரிக்காத புது டிஸ்க் ஒன்று இருந்தது. படங்களை அதற்கு மாற்றியிருந்தால் அரைமணி வேலை. இதை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது எழுதும்போதும் கை அந்த அலமாரிப் பக்கம் போகிறது.

அந்த வாரம் முழுக்க அவர் வேறு வேலை தொடவில்லை. டிஸ்க்குக்குப் போகிற கேபிளை மாற்றினார். மூன்று தடவை வந்தது, நான்காவதில் காணோம். மதர்போர்டில் வேறு இடத்தில் செருகினார். இரண்டு தடவை வந்தது. பவர் சப்ளையைக் கழற்றி வேறு மாட்டினார். நாணயம் மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும் பாட்டரியை மாற்றினார். ஒரு தடவை காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டிஸ்க் சுத்தி வேகம் பிடிக்கறதுக்குள்ள இது ஆளைத் தேடிப்பார்த்து 'இல்லை'ன்னு சொல்லிடுது. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொல்லணும்" என்று, எழும்போது ஐந்து விநாடி காத்திருக்கும்படி மெஷினுக்கு உத்தரவு போட்டார்.

அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். "எங்க எக்ஸ்சேஞ்ச்ல ஒருத்தி இருந்தா. அஞ்சு தடவை மணி அடிச்சா ஒரு தடவை எடுப்பா. கேட்டா, அவசரம்னா அவங்களே மறுபடி கூப்பிடுவாங்கன்னு சொல்லுவா. அவளுக்கு இங்க வேலை கிடைச்சிருச்சு போலிருக்கு" என்பாள். அவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே குச்சி கிழிப்பார்.

புதன்கிழமை காலையில் துணிக்கடைக்காரி கிளம்புகிற அவசரத்தில், ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும் நின்று கேட்டாள்: "ஏங்க, அது எழுந்திருக்கிற நேரமாப் பார்த்து, உள்ளே இருக்கறதை எடுத்து வேற எதுலயாவது போட்டு வெச்சிடக் கூடாதா?"

கம்ப்யூட்டரைத் துடைப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவள் கேட்ட கேள்வி அது. சரியான கேள்வி அது ஒன்றுதான்.

"என்ன நோய்னு தெரியாம எடுக்க ஆரம்பிச்சா பாதியில நின்னுடும். இருக்கறதும் கெட்டுப்போகும். முதல்ல நேரா எழுந்து நிக்கட்டும்" என்றார் அவர்.

"என்னமோ போங்க. உங்க தொழில்" என்று மறு செருப்பை மாட்டிக்கொண்டு அவள் போனாள்.

வெள்ளிக்கிழமை டிஸ்க்கைக் கழற்றி, அடியில் இருக்கும் பச்சைத் தகட்டைப் பிரித்துப் பார்த்தார். டிஸ்க்கும் தகடும் தொட்டுக்கொள்கிற இடத்தில் செம்புப் புள்ளிகள் கறுத்திருந்தன. ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் ஒவ்வொரு புள்ளியையும் பளபளவென்று தேய்த்தார். மூடி, மாட்டி, போட்டார். வந்தது. அணைத்தார், ஆறவிட்டார், போட்டார். வந்தது. மூன்று. நான்கு. சாயங்காலத்துக்குள் ஆறு. அந்த மெஷின் அந்த வாரத்தில் அதற்குமுன் ஆறைத் தொட்டதே இல்லை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கின மாதிரி எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை காலை ஏழாவது. அதுவும் வந்தது. அவர் சந்தோஷத்தில், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். அக்கா பக்கத்திலேயே இருந்ததால் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து, அடியில் எண்ணிக்கை போட்டிருந்ததை வாசித்தார்.

"முந்நூத்திப் பன்னிரண்டு இருக்குக்கா."

"பன்னிரண்டா? நான் முந்நூறுன்னுல்ல நினைச்சிட்டிருக்கேன்!" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்தப் பன்னிரண்டு எப்ப வரைஞ்சேன்? கடைசியில பாதி குருட்டுல வரைஞ்சதா இருக்கும். தம்பி, ஒண்ணே ஒண்ணு திறடா. எதுவானாலும் சரி."

"இன்னும் மூணுதான் பாக்கி. பத்து முடிச்சிட்டு எல்லாத்தையும் உட்கார்ந்து பார்ப்போம்க்கா."

"சரி" என்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். லைன் கிடைக்கக் காத்திருந்து பழகின கை.

அவர் அணைத்தார். கால்மணி நேரம் ஆறவிட்டார். எட்டாவது தடவை சுவிட்சைப் போட்டார்.

டக். டக். டக். மேஜைமேல் யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி டிஸ்க்குக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நின்றது. திரை, 'இல்லை' என்றது.

அந்தச் சத்தம் என்ன என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். உள்ளே தட்டின்மேல் ஓடுகிற ஊசிமுனை இடம் தெரியாமல் முட்டிக்கொள்கிற சத்தம் அது. கேபிளிலோ தகட்டிலோ கோளாறே இல்லை. ஊசிமுனைதான் ஆரம்பத்திலிருந்து செத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை எழுப்பியபோதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. தெரிந்தும் அவர் மறுபடி போட்டார். மறுபடி போட்டார். மனசு கேட்கவில்லை.

திங்கட்கிழமை டிஸ்க்கை டவலில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, நான்கு மணி நேரம் பஸ்ஸில் பெரிய ஊருக்குப் போனார். செத்த டிஸ்க்கைத் திறந்து உள்ளிருப்பதை எடுத்துத் தருகிற இடம் ஒன்று அங்கே இருந்தது. ஆஸ்பத்திரி போலவே இருந்ததாம். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. ஒரு இளைஞன் டிஸ்க்கை உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டு, மதியம் வெளியே வந்தான்.

"சார், தட்டு பூரா வட்டம் வட்டமா கீறல். மேல்பூச்சு பொடியா உதிர்ந்து கிடக்கு. எடுக்கறதுக்கு உள்ளே ஒண்ணும் இல்லை." பிறகு, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், கேட்டான்: "டிஸ்க் முதல் தடவை தெரியாமப் போனதுக்கு அப்புறம் எத்தனை தடவை சார் போட்டுப் பார்த்தீங்க? ரெண்டு, மூணு?"

மற்றவர்களாக இருந்தால் 'ஞாபகமில்லை' என்றிருப்பார்கள். இவர் பையிலிருந்து நீள நோட்டை எடுத்துப் பிரித்து, குச்சிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"நாப்பத்தி ஒண்ணு."

இளைஞன் நோட்டையும் அவரையும் பார்த்தான். "நீங்களும் இதே தொழிலா சார்?" என்று மெதுவாகக் கேட்டான். இவர் தலையாட்டினார். அவன் டிஸ்க்கைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லவில்லை. "குடுத்திருக்கேன், பார்க்கறாங்க" என்றார். ஒரு வாரம் போனது. அவள் தினமும் ஒரு தடவை கேட்பாள். ஒரு தடவைதான். அவசரப்படுத்துகிறவள் இல்லை.

யோசனை சொன்னது மனைவி. அவளைத் திட்டாதீர்கள். புருஷன் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்திருப்பதைப் பத்து நாளாகப் பார்த்தவள். "அவங்களுக்குத் தெரியவா போகுது? பார்த்துச் சொல்ற மாதிரி நீங்களே சொல்லுங்க. ஜன்னல், கதவு, டம்ளர், இவ்வளவுதானே? வீட்ல இருக்கறதுதானே?" என்றாள்.

வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர் அவர். பழகாத வேலையைச் செய்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டிருந்தால் நல்ல பொய்யாக நாலு கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு டிஸ்க்கைப் போட்டு, விசிறி ஓடுகிற சத்தத்துக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, "வாக்கா" என்றார்.

அவள் தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அவர் மௌஸைத் தட்டினார். "முதல் படம்... ஜன்னல்க்கா."

"ம்."

"அடுத்தது கதவு."

"எந்தக் கதவு?"

"முன் கதவுதான். நல்லா வந்திருக்கு."

"ம். அடுத்தது?"

அவருக்கு வீட்டிலிருக்கிற சாமான் எல்லாம் மறந்துவிட்டது. "ஒரு அம்மா... கையில கூடையோட நடந்து போறாங்க."

அக்கா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கை கால் எல்லாம் சரியா வந்திருக்கா?"

"வந்திருக்குக்கா. அழகா இருக்கு."

"நான் மனுஷங்களை வரைஞ்சதே இல்லடா, தம்பி. எனக்குக் கையும் காலும் வராது."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். புது டிஸ்க் அலமாரியில் இருந்ததைச் சொன்னார். மனைவி புதன்கிழமை கேட்டதைச் சொன்னார். நாற்பத்தொன்றைச் சொன்னார். அவள் ஒரே ஒன்று கேட்டாள்.

"ஏழாவது தடவை வந்துதே. அப்ப ஒண்ணு திறன்னு சொன்னேனே."

அவள் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்கு நாள் அவள் வெளியே வரவில்லை. மனைவி சாப்பாட்டுத் தட்டோடு போய், "அண்ணி, கதவைத் திறங்க" என்று கெஞ்சினால், உள்ளேயிருந்து அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில், "நீங்கள் அழைத்தவர் இப்போது பதில் சொல்லும் நிலையில் இல்லை. தயவுசெய்து பிறகு முயற்சி செய்யவும்" என்று பதில் வருமாம். இதைச் சொல்லும்போது துணிக்கடைக்காரி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நான்கு நாளும் முன்னறையில் நடந்ததுதான் தெருவுக்குப் பயத்தைக் கொடுத்தது. மருந்துக்கடைக்காரர் தன் மெஷினை எடுக்கப் போனார். உட்காரத் தயாராகப் பேப்பரும் கொண்டுபோயிருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க. ஒரு தடவை போட்டேன். வந்துச்சு."

"ஒரு தடவையா? சார், இன்னும் ஒன்பது இருக்கே."

"வேண்டாம்."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை சார். நான் இருக்கேன்."

"வேண்டாம்னு சொல்றேன்ல" என்றார் பத்துத்தடவை. யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். மருந்துக்கடைக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருமுனையில் நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார்.

ஐந்தாம் நாள் காலை அக்கா கதவைத் திறந்து தம்பியைக் கூப்பிட்டாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். நான்கு நாளும் தூங்காமல் அவள் தன் படங்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாப்பத்து மூணு வருதுடா. அதுக்கு மேல எவ்வளவு தேடினாலும் வரலை. வந்ததே திரும்பத் திரும்ப வருது."

"அக்கா..."

"அழாதே. கேளு. அன்னைக்கு ஃபோல்டரைத் திறந்து எண்ணிச் சொன்னியே. திறந்தா சின்னச் சின்னதா எல்லாம் வரிசையாத் தெரியுமே. அதுல ஒண்ணாவது உன் கண்ணுல பட்டிருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்தத் தடவை பொய் வேண்டாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அந்தச் சில விநாடி அவர் பார்த்தது அடியில் இருந்த எண்ணை மட்டும்தான். ஆனாலும் ஓரத்தில் எங்கோ ஒரு நிறம் இருந்தது.

"ஒரு மஞ்சள்க்கா. இடது பக்கமா. நகம் அளவுக்கு. நிஜமாவே பார்த்தேன்."

அவள் சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மஞ்சளா? நான் மஞ்சள் அதிகம் தொட்டதே இல்லையே. பென்சில் டப்பாவா? இல்லை, அது நாப்பத்து மூணுல இருக்கு. எலுமிச்சம்பழமா? அது பச்சையிலதான் போட்டேன்..." விரல்கள் போர்வையின்மேல் எதையோ தேடித் தேடி ஓடின. "தம்பி! துண்டு! பால்கனிக் கம்பியில காயப்போட்ட துண்டு. வெயில் பட்டுப் பின்னாலேருந்து வெளிச்சமா இருந்துது. ஐயோ, அதை எப்படி மறந்தேன்? நாப்பத்து நாலு!"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஃபோல்டருக்குக் கம்ப்யூட்டர் போடுகிற சின்னப் படமே மஞ்சள்தான். இடது பக்கம் எப்போதும் நிற்பது. ஒரு நாளைக்கு நூறு தடவை அவர் பார்ப்பது. அந்த மஞ்சளைத்தான் அன்றைக்கும் பார்த்திருக்கிறார். இதை அவர் தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

"துண்டுதானே?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமாக்கா. துண்டுதான்."

"கிளிப்பு எத்தனை போட்டிருந்தேன், தெரிஞ்சுதா?"

"அது தெரியலைக்கா. ரொம்பச் சின்னதா இருந்துது."

"மூணு" என்றாள் அவள், காற்றில் ஒவ்வொன்றாகக் கிள்ளி வைத்துக்கொண்டே. "அன்னைக்குக் காத்து ஜாஸ்தி."